மழைக்கு முன் நான்கு சுவர்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஐந்து மாதிரிப் பலகைகளும் வந்துவிட்டன. கடைக்காரர் பழைய சாக்கில் சுற்றி அனுப்பியிருக்கிறார். நான் சொன்னபடி கம்பெனிப் பெயர்களைச் சுரண்டிவிட்டு ஒன்று முதல் ஐந்து வரை எண் மட்டும் போட்டிருக்கிறார். எது யாருடையது என்ற பட்டியல் அவரிடமே இருக்கும். பெயர் தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும். சோதனைக்கூடத்தில் இருபத்து மூன்று வருடம் இருந்தவன் நான்.

ஒன்று சிமெண்ட் போர்டு. இரண்டு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்தது. மூன்று வெறும் பிளாஸ்டிக். நான்கு வண்ணம் பூசிய தகரம். ஐந்து மருந்தில் ஊறவைத்த மரம். ஐந்தும் ஐம்பது வருடம் தாங்கும் என்று கடைக்காரர் போனில் சத்தியம் செய்தார். அவருக்கே இன்னும் ஐம்பது ஆகவில்லை.

ஒரு நாள் தண்ணீரில், ஒரு நாள் வெயிலில். இது ஒரு சுற்று. இருபத்தைந்து சுற்று முடிந்தபின் எது சிதையாமல் நிற்கிறதோ அதுதான் சுவருக்கு. செப்டம்பர் இருபத்து மூன்றில் முடியும். மழை அக்டோபர் நடுவில். நேரம் இருக்கிறது.

பத்தடிக்குப் பதினாலடி. ஒற்றை அறை மரவீடு. தரை ஆயிற்று, கூரை ஆயிற்று, மரச்சட்டம் நிற்கிறது. சுவர் வரவேண்டிய நான்கு பக்கமும் நீலத் தார்பாய். அதற்குள் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், நான். என் மனைவி பதினோரு மாதமாக அவள் தங்கை வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். நான் வேலையை விட்டதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள், அன்று போனவள். அக்டோபர் பதினைந்தில் அந்த அறைக்குச் சகலையின் அக்கா வருகிறார். முழங்காலில் அறுவை. மாடி ஏற முடியாது. அதற்குள் இங்கே சுவர் எழ வேண்டும்.

அவள் கேட்டது ஒன்றுதான். "மழைக்கு முன்னாடி நாலு சுவர். வேற எதுவும் கேக்கல."

ஆகஸ்ட் 5

ஊறியபின் எடை எடுத்தேன். சிமெண்ட் போர்டுதான் அதிகம் குடித்திருக்கிறது. தெரிந்ததுதான். அந்த வகையறாவோடு எனக்குப் பழைய கணக்கு உண்டு.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

சகலை வீட்டுக்குப் போனேன். மனைவியைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். கூடத்தில் யாரோ அவன் நண்பர்கள் இரண்டு பேர். "இவர்தான் எங்க அண்ணன். ஊருக்கு வெளியே சின்ன வீடு வச்சிருக்காரு. அக்காவுக்கும் தெரியும், ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சினி உள்ளேயிருந்து அவனை அதட்டினாள், சிரித்துக்கொண்டே. நானும் பல்லைக் காட்டினேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவன் வீட்டில் என் மனைவி இருக்கும்வரை அவன் நகைச்சுவைக்கு நான் சிரித்தாக வேண்டும்.

பின்னறையில் அவள் பெட்டியை மேசையாக்கி, அதன்மேல் சோப்பு, சீப்பு, கண்ணாடி. பதினோரு மாதத்தில் சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. பெண்கள் விடுதி அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அந்த உடுப்பு மட்டும் கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது. "பலகை எடுத்தாச்சா?" என்றாள். சோதனை தொடங்கிவிட்டது என்றேன். அவள் ஒரு உறையை எடுத்து நீட்டினாள். முத்திரையின் பணி நிறைவு விழாவுக்கு அழைப்பு.

முத்திரை என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் துறைத் தலைவர். எதை நீட்டினாலும் ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்துவார். தூங்கும்போது நெற்றியை நீட்டினாலும் குத்துவார். அழைப்பிதழில் 'நேர்மையின் உருவம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். யார் எழுதியது? அவரேதான் எழுதியிருப்பார்.

அதைக் கொளுத்தித்தான் இன்று இரவு ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

தச்சர் வந்தார். சட்டம் அடித்தவர் அவர்தான். வேலை தெரிந்த ஆள், ஆனால் பேச்சில் அடக்கம் போதாது. வாளிகளைப் பார்த்தார். வெயிலில் சாய்த்து வைத்திருந்த ஐந்து துண்டுகளைப் பார்த்தார். தடிப்பு அளக்கும் வெர்னியரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"எந்தப் பலகை போட்டாலும் நிக்கும் சார். கீழ தரையைத் தொடக் கூடாது, ஒரு கை உசரம் விடணும். பின்னாடி காத்து போக இடம் விடணும். நனையாத பலகைன்னு ஒண்ணு கிடையாது. நனைஞ்சா காயணும், அவ்வளவுதான்."

நான் இருபத்து மூன்று வருடம் இதைத்தான் படித்தேன் என்றேன். "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வாக்கியத்தை எனக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாக ஒருவர்கூடச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 22, சனி

ஒன்பதாம் சுற்று முடிந்தது.

தகரம் வெட்டிய ஓரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் எண் வெயிலில் தொய்கிறது. ஸ்க்ரூ போட்ட ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. பார்த்ததும் எனக்குள் ஒரு திருப்தி. ஏன் திருப்தி? எனக்கு வேண்டியது நல்ல பலகை. தோற்கிற பலகையைப் பார்த்து ஏன் மனம் குளிர்கிறது? தோல்வியைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை, அதனால் இருக்கலாம்.

மாதிரிகள் வெயிலில் காயும்போது செய்ய ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் பழையது வந்துவிடுகிறது. எழுதிவிடுகிறேன், எழுதினால் ஒருவேளை போகும்.

பதினோரு வருடம் முன்பு புதிய பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்துக்கு சிமெண்ட் போர்டு வந்தது. நீர் உறிஞ்சும் அளவு நூற்றுக்கு இருபத்தெட்டுக்கு மேல் போகக் கூடாது. முப்பத்தொன்று இருந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் முப்பத்தொன்று. நான் கையெழுத்துப் போடவில்லை. முத்திரை போட்டார். நான் மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வந்தது — என்னைப் பதிவறைக்கு மாற்றி. பத்து வருடம் தூசிக்குள். நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டி மேலே போனார்கள். மாடிப்படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். போன செப்டம்பரில் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றினார்கள். அந்தக் கோப்பும் வந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும் என்றார் முத்திரை. சும்மா ஒரு சம்பிரதாயம்தானே என்றார்.

அதே தாளின் பின்பக்கத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். காலை பதினொன்றரை மணி. மனைவியிடம் மாலையில் சொன்னேன்.

ஆகஸ்ட் 23

எழுதினால் போகவில்லை.

செப்டம்பர் 1

மரம் நுனியில் பிளந்தது. பிளாஸ்டிக் வெயிலில் விரிந்து யாரோ கைதட்டுவதுபோல் சத்தம் போடுகிறது. சிமெண்ட் போர்டு குடிக்கிறது, காய்கிறது, குடிக்கிறது, காய்கிறது. வேறொன்றும் ஆகவில்லை. இன்னும் ஆகவில்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

மனைவி வந்தாள். இங்கே அவள் வருவது இது மூன்றாம் முறை. பேருந்தை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். குடையைத் தரையில் ஊன்றி நின்று பார்த்தாள். காற்றில் தார்பாய் அடித்துக்கொண்டிருந்தது. வாளிகளை எண்ணினாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"பலகை மாட்டுங்கன்னு சொன்னேன். ஆராய்ச்சி பண்ணச் சொல்லல."

தவறான பலகையைப் போட்டால் பத்து வருடத்தில் மறுபடி பிரிக்க வேண்டும் என்று விளக்கினேன். அட்டவணையைக் காட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை முழுதும் படித்தாள். அதுதான் அவளிடம் உள்ள பிரச்சனை, எதையும் படிக்காமல் எதிர்க்கமாட்டாள். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேலைய விட அரை நாள்கூட ஆகல உங்களுக்கு. பலகை எடுக்க ரெண்டு மாசமா?"

அட்டவணையை மறுபடி விரித்து மடித்தேன். இரண்டுக்கும் ஒரே காரணம் என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? எனக்கே புரிகிறதா?

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். விடுதியில் வார்டன் வேலை காலியாகிறது. இரண்டு வருட ஒப்பந்தம், தங்க ஒரு அறையும் உண்டு. அவளைத்தான் முதலில் கேட்டார்களாம். உள்ளேயே தங்க வேண்டும். வீட்டுக்கு வர மாதத்தில் ஒரு ஞாயிறு.

"வேண்டாம்னு சொல்லிட்டேன். நம்ம வீடு மழைக்கு முன்னாடி ஆயிடும்னு சொன்னேன். அவங்க இந்த மாசக் கடைசி வரைக்கும் யோசிங்கன்னாங்க."

ஆகிவிடும் என்றேன். நிச்சயம் ஆகிவிடும் என்றேன். பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தேன். வழியில் நாங்கள் பேசியது சகலையின் வயிறு பற்றி. அவன் இப்போதெல்லாம் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் அவள் தங்கையைக் கூப்பிடுகிறானாம். அவள் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் சிரித்து. சகலைக்கு ஒரு நன்றி கடன்பட்டிருக்கிறேன், அவனுக்குத் தெரியக் கூடாது.

செப்டம்பர் 11, வெள்ளி

தச்சர் பலகை பற்றிக் கேட்க வந்தார். இருபத்தாறாம் தேதி முதல் வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை ஒத்துக்கொண்டிருக்கிறார். திரும்ப டிசம்பர் ஆகும். பதினைந்தாம் தேதிக்குள் பலகை இங்கே வந்து இறங்கினால் பத்து நாளில் நான்கு பக்கமும் மூடித் தருவதாகச் சொன்னார்.

பதினைந்தாம் தேதி என்றால் இன்றே கடையில் பலகைக்கு ஆர்டர் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஆறு.

"சார், எனக்கே தெரியுது. ஒண்ணாம் நம்பர் நிக்குது. மத்தது நாலும் படுத்துடுச்சு. இன்னும் என்ன பாக்கணும்?"

பத்தொன்பதில் நின்று இருபத்திரண்டில் உடைந்த பலகையை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் அது சோதனையே அல்ல, முத்திரை செய்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்றும் சொன்னேன். முத்திரை யார் என்று அவருக்கு எப்படித் தெரியும். பாவம், யாரோ பலகைக் கம்பெனிக்காரர் என்று நினைத்திருப்பார்.

"சரி சார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க" என்று கிளம்பினார்.

அம்மா என்றது என் மனைவியை. இந்தச் சட்டத்தை நிறுத்திய நாளில் அவள் வந்து அவர் கையில் தண்ணீர் கொடுத்தாள். அந்த ஒரு செம்புக்கு அவர் அவள் கட்சி. பலகையை நானே மாட்டிக்கொள்ள முடியாதா? ஸ்க்ரூ முடுக்க என்ன பெரிய வித்தை. செப்டம்பர் கடைசியில் வந்தாலும் இரண்டு வாரம் இருக்கிறது.

அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

இன்று முத்திரைக்கு விழா. மாலையில் நினைத்துக்கொண்டேன், இப்போது மாலை போட்டிருப்பார்கள். இப்போது பேசிக்கொண்டிருப்பார். இப்போது கைதட்டுவார்கள். மூன்றாம் எண் பிளாஸ்டிக் சரியாக அந்த நேரத்தில், வெயில் இறங்கியதும் சுருங்கிக் கைதட்டியது. எழுந்துபோய் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

செப்டம்பர் 23, புதன்

முடிந்தது. இருபத்தைந்து சுற்று.

ஒன்றாம் எண். சந்தேகமே இல்லை. தடிப்பு மாறவில்லை, அடுக்கு பிரியவில்லை, ஓரம் உதிரவில்லை. நீரை மட்டும் குடிக்கிறது — நூற்றுக்கு முப்பது. முப்பது! அதைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறது.

கடைக்காரருக்குப் போன் போட்டு ஒன்றாம் எண் யாருடையது என்று கேட்டேன். பட்டியலைத் தேடி எடுத்துச் சொன்னார்.

அதே கம்பெனி. பதினோரு வருடம் முன்பு நான் கையெழுத்து மறுத்த கம்பெனி.

ஆர்டர் சொல்லவா சார், எத்தனை ஷீட் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24

யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. எல்லாமே இருக்கிறது. அந்தப் பலகையை வாங்கி என் வீட்டைச் சுற்றி மாட்டி அதற்குள் நான் படுத்துக்கொள்வதா? முத்திரை வந்து பார்த்தால்? வரமாட்டார். வந்தால்?

என் கடிதத்துக்குப் பிறகு தரத்தைத் திருத்தியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். பழையதைப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பேருந்து நிலையத்துக்குள் கால் வைத்ததில்லை. இரண்டு பேருந்து மாறிச் சுற்றிப் போவேனே தவிர அங்கே இறங்கமாட்டேன். இதை வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 26, சனி

போனேன். உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு சின்னக் கத்தி, டார்ச். மூன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருடன் மாதிரி போனேன்.

நிற்கிறது.

நான்கு பக்கமும் நடந்தேன். மேற்குப் பக்கம்தான் மழை அடிக்கும் பக்கம், முதலில் அங்கே. வண்ணம் வெளுத்திருக்கிறது. ஓரத்தில் குனிந்து கத்தி முனையால் தட்டிப் பார்த்தேன் — கணீரென்று இருக்கிறது. ஒரு விரிசல் இல்லை. ஒரு உப்பல் இல்லை. கீழே தரையிலிருந்து ஒரு கை உயரம் விட்டிருக்கிறார்கள். டார்ச்சை அடித்துப் பின்னால் பார்த்தேன், காற்று போக இடம் விட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு தச்சன். பெயர் தெரியாத, படிக்காத யாரோ ஒரு தச்சன்.

ஒரு பெண்மணி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து குழந்தைக்குப் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தியும் டார்ச்சுமாகக் குனிவதைப் பார்த்துக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

என் எண் சரி. இப்போதும் சரி. முப்பத்தொன்று என்பது முப்பத்தொன்றுதான். முத்திரை அதைப் பார்க்காமல் குத்தினார் என்பதும் உண்மை. அவர் சரி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் சுவர் விழவில்லையே. பதினோரு வருடமாக நான் ஒவ்வொரு மழைக்கும் படுத்துக்கொண்டு, இன்று விழும், நாளை விழும், அப்போது வருவார்கள் என்னைத் தேடி என்று — அட, மனுஷன் இதுக்காகவா காத்துக்கிட்டு இருப்பான்? ஜனங்க தலையில சுவர் விழணும்னு? அதைத்தானே வேண்டிக்கிட்டிருந்தேன் இத்தனை வருஷம்?

மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நானும் முதுகைச் சாய்த்துக்கொண்டேன், இடுப்பு வலித்தது.

செப்டம்பர் 27, ஞாயிறு

மனைவியிடம் சொல்லியாக வேண்டும் என்று போனேன். சகலை நல்லவேளையாக வெளியே. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன், பேருந்து நிலையத்துக்குப் போனதை, பார்த்ததை. மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"நீ பார்த்திருக்கியா?"

"வேலைக்குப் போற பஸ் அங்கதான் நிக்கும். எட்டு வருஷமா அந்தச் சுவர்லதான் சாஞ்சுக்கிட்டு நிக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். நான்காக மடித்தாள்.

"சொல்லியிருந்தா அப்புறம் உங்ககிட்ட என்ன இருந்திருக்கும்?"

ஒரு போர்வையின் இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்து இழுத்து மடித்தோம். தச்சர் போய்விட்டார் என்பதையும் அப்போது சொன்னேன். அதற்குத்தான் அவள் கை நின்றது.

செப்டம்பர் 28, திங்கள்

ஒன்றாம் எண் பலகையைச் சொல்லிவிட்டேன். கையிருப்பு தீர்ந்துவிட்டது, பத்து நாள், அதிகம் போனால் பன்னிரண்டு என்றார் கடைக்காரர். அக்டோபர் பத்து. நானே மாட்டினாலும் ஐந்து நாளில் மேற்குப் பக்கமாவது மூடலாம். முடியும்.

முடியுமா?

அக்டோபர் 2, வெள்ளி

மழை. இரண்டு வாரம் முன்னதாக.

அக்டோபர் 4

நிற்கவில்லை. மேற்குத் தார்பாய் கிழிந்து கட்டிலில் பாதி நனைந்துவிட்டது. கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டேன். தரைப் பலகை ஊறி உப்புகிறது, பாதத்துக்கே தெரிகிறது. சோதனைக்கு வைத்த வாளிகள் இப்போது தார்பாய் ஒழுகும் இடங்களுக்குப் போதவில்லை.

அக்டோபர் 7

லாரி பாதி வழியில் நிற்கிறதாம். பாலத்தின் மேல் தண்ணீர். கடைக்காரர் மிகவும் பணிவாகப் பேசினார். பணிவாகப் பேசுகிறவரைத் திட்டவும் முடியவில்லை.

அக்டோபர் 10, சனி

அவள் போன் செய்தாள். மழைச் சத்தத்தில் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னேன், முதல் முறையே கேட்டிருந்தும்.

வார்டன் வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள். வேறு யாரும் கிடைக்காததால் இவளுக்காக நிறுத்தி வைத்திருந்தார்களாம். பதின்மூன்றாம் தேதி போக வேண்டும்.

"கோபத்துல பண்ணல. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். கோபத்தில் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்தை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 13, செவ்வாய்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். சகலை தன் காரில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் இன்று தாங்க முடியாததாக இருந்தது. இறங்கும்போது, "அண்ணே, மழை விடுறவரைக்கும் எங்க மாடியில வந்து இருங்களேன்" என்றான், என்னைப் பார்க்காமல். வேண்டாம் என்றேன். கடுமையாகச் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

விடுதி வாசலில் காவல் பார்க்கும் அம்மாள் என்னை நிறுத்தினாள். ஆண்கள் பார்வையாளர் அறையைத் தாண்டக் கூடாது. என் மனைவி அவளிடம், "பெட்டி கனம், படி வரைக்கும் மட்டும்" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளே, "இல்ல, சட்டம் சட்டம்தான். நானே அதை மீறக் கூடாது" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். சட்டம் என்றால் சட்டம். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருடம் ஒருவனோடு குடும்பம் நடத்தினால் கொஞ்சம் ஒட்டத்தானே செய்யும்.

இரண்டு பெண்கள் ஓடிவந்து பெட்டியின் அடுத்த கைப்பிடியைப் பிடித்தார்கள். நான் பார்வையாளர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 19

லாரி வந்தது. பலகைகளை இறக்கிக் கட்டிலைச் சுற்றி அடுக்கினேன். இப்போது அவற்றுக்கு நான் குடை.

நவம்பர் 8, ஞாயிறு

மழை இடைவெளி விடுகிறது. மேற்குப் பக்கம் முதல் பலகை மாட்டினேன். இறக்கிவிட்டேன். மறுபடி மாட்டினேன். ஒரு கை உயரம் விட்டு, பின்னால் காற்றுக்கு இடம் விட்டு. வெட்டிய ஓரமெல்லாம் வண்ணம். நாளுக்கு ஒரு பலகைதான் ஆகிறது. யாருக்கு அவசரம்.

நவம்பர் 17

ஸ்க்ரூ முடுக்குவது வித்தைதான்.

டிசம்பர் 12, சனி

தச்சர் பார்க்க வந்தார். நான்கு பக்கமும் சுற்றினார். கீழே குனிந்து கையை நுழைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் விரலால் சுண்டினார். குறை கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தேன். கண்டுபிடித்தால் சண்டை போடலாம்.

"கச்சிதமா இருக்கு சார். நான் போட்டிருந்தாக்கூட இவ்வளவு நேரா வந்திருக்காது." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "அம்மா வந்துட்டாங்களா?"

இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு, கதவுக் கீல் கொஞ்சம் இறுக்கம் என்று சொல்லி, எண்ணெய் விட்டுப் போனார்.

ஜனவரி 10, ஞாயிறு

பத்து மணிப் பேருந்தில் வந்தாள். மாதத்தில் அவளுக்குள்ள ஒரு ஞாயிறு. நேற்றே தரையைத் துடைத்து, நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன்.

வெளியே நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையை வைத்து அப்படியே கொஞ்சம் நடந்தாள். "உங்க வீடு நல்லா இருக்கு" என்றாள். காலையில் ஒரு தூறல் விழுந்தது. உள்ளே சத்தம்கூடக் கேட்கவில்லை. இருவரும் உட்கார்ந்து கேட்காத அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடுதிப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தி வாரம் தவறாமல் சாவியைத் தொலைப்பாளாம், ஒருத்திக்கு வயிற்றுவலி வந்தால் தாயைக் கூப்பிடாமல் இவளைக் கூப்பிடுகிறாளாம். ஒப்பந்தத்தை மேலும் நீட்டிப்பது பற்றி இப்போதே பேசுகிறார்கள் போல. அவள் அதை ஒரு செய்தியாகத்தான் சொன்னாள். நான் அதை ஒரு செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன். முத்திரை பற்றி நான் எதுவும் பேசவில்லை. பேசவில்லை என்பதை அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

நான் சமைத்திருந்தேன். உப்பு குறைவு, சொல்லாமல் சாப்பிட்டாள். மூன்றரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் தடுத்தும் கேட்காமல் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு ஈரக் கையோடு அறை நடுவில் நின்று, கை துடைக்கத் துண்டு எங்கே என்று கேட்டாள்.

கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று காட்டினேன்.